ஐந்தாவது நகம்

திருத்தணியை அடுத்த வேளஞ்சேரியில் 1977-ஆம் ஆண்டு இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் சேர்ந்தே கிடைத்தன. ஒன்று, பல்லவன் அபராஜிதவர்மன் தன் 9-ஆம் ஆட்சியாண்டில் திருத்தணி முருகனுக்கு விட்ட கொடையைச் சொல்வது. மற்றது, முதலாம் பராந்தக சோழனின் 25-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 932 வாக்கில் வெட்டப்பட்டது. அப்போது மாநிலத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த இரா. நாகசாமி இரண்டையும் படித்து 1979-ல் நூலாக வெளியிட்டார். அபராஜிதன் யார் மகன் என்று வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்விக்குக் கம்பவர்மன், அவன் மனைவி கங்கர் குலத்து விஜயை என்று விடை கிடைத்தது இந்த ஏட்டில்தான். ஆனால் எனக்கு அதைவிட ருசியாகப்படுவது வேறொன்று. பராந்தகனின் தகப்பன் ஆதித்தன்தான் அபராஜிதனைப் போரில் வீழ்த்தித் தொண்டை நாட்டைச் சோழர் வசமாக்கியவன். வென்றவன் மகனின் பட்டயமும் தோற்றவனின் பட்டயமும் ஒரே இடத்தில் கிடந்திருக்கின்றன. ஆட்சி மாறியதும் பழைய ராஜாவின் ஏட்டை உருக்கிக் குடமாக அடித்திருக்கலாம், செம்புக்கு என்றும் விலை உண்டு. வைத்திருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. பல்லவன்மேல் பாசம் என்று இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இன்றைக்கு மனை வாங்குகிறவர் கிரயப் பத்திரத்தோடு நிற்காமல் தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கம் பார்த்தாயிற்றா என்று கேட்கிறாரே, அந்தக் கேள்விக்குப் பதிலாக வைத்திருந்த தாய்ப்பத்திரம் அது. நேற்று ஆண்டவன் கொடுத்ததை இன்று ஆள்பவன் ஒப்புக்கொண்டால்தான் சொத்து நிலைக்கும். அதற்கு நேற்றைய ஏடும் கையில் இருந்தாக வேண்டும்.

மனைக்கு இவ்வளவு பார்க்கிற நாம், சிலைக்கும் செப்பேட்டுக்கும் பழம்பொருளுக்கும் வில்லங்கம் பார்ப்பதே இல்லை. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களும் நெடுங்காலம் பார்த்ததில்லை. அழகு, காலம், கைத்திறன் ஆகிய மூன்றையும் எடைபோட்டு விலை பேசினார்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படிப் போனது என்பதை வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் முடித்துக்கொள்ளும் சங்கதியாக விட்டுவிட்டார்கள். கை மாறிய வரலாறு பொருளின் ஒரு பாகம். அதை நீக்கிவிட்டுப் பொருளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அந்த வரலாற்றில் இடைவெளி இருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இடைவெளியே இல்லாமல் வழவழவென்று எழுதிவந்த வரலாற்றைக் கண்டால்தான் உஷாராக வேண்டும்.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சிவப்பாக ஒரு மேசை இருக்கிறது. மிங் வம்சத்துப் பேரரசர் ஷுவாந்தே காலத்தில், 1426-க்கும் 1435-க்கும் இடையில், பீஜிங் அரச நகருக்குள் இயங்கிய 'பழத்தோட்டப் பட்டறை' என்ற அரண்மனைத் தொழிற்கூடத்தில் செய்தது. அகலம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர், மூன்று இழுப்பறைகள். அந்தப் பட்டறையிலிருந்து தட்டுகளும் கிண்ணங்களும் செப்புகளும் மிஞ்சியிருக்கின்றன. இவ்வளவு பெரிய அறைகலன் கிடைப்பது மிக அரிது. இதை அரக்கு மேசை என்று வசதிக்காகச் சொல்கிறோம். நம்மூர் அரக்கு பூச்சி சுரப்பது, சீனத்தது ஒருவகை மரத்தைக் கீறி வடிக்கிற பால். பச்சையாக உடம்பில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். மரச் சட்டத்தின்மேல் மெல்லிய பூச்சாக இழுத்து, ஈரப்பதமுள்ள அறையில் இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி இழுத்து, இப்படி நூறு பூச்சுக்குமேலும் ஏற்றுவார்கள். இந்தப் பால் காய்வதற்கு வெயில் ஆகாது, ஈரம்தான் வேண்டும் என்பது இத்தொழிலின் விசித்திரம். சிவப்பு நிறம் ஜாதிலிங்கம் கலந்ததால் வருவது. பூச்சு போதிய கனம் சேர்ந்த பிறகுதான் உளி இறங்கும். ஒரு மேசைக்கு ஆண்டுக்கணக்கில் வேலை. கூலியைப் பற்றிக் கவலைப்படாத ஒரே முதலாளி பேரரசர்தான் என்பதால் இப்படியொரு பொருள் அரண்மனைக்கு வெளியே பிறக்க வழியில்லை.

மேசை முழுக்க டிராகனும் பீனிக்ஸும் புரள்கின்றன. டிராகன் பேரரசர், பீனிக்ஸ் பேரரசி. ஐந்து நகம் உள்ள டிராகன் அரச குடும்பத்துக்கு மட்டும் உரியது; மற்றவர்கள் நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த மேசையின் டிராகன்களும் ஐந்து நகத்தோடுதான் பிறந்தன. பிறகு யாரோ ஒவ்வொரு காலிலும் ஒரு நகத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அரண்மனைப் பொருள் அரண்மனைக்கு வெளியே போனதற்கு அந்தக் கீறலே சாட்சி. புதிதாக வைத்திருந்தவருக்கு மேசை வேண்டும், ராஜத்துரோக வழக்கு வேண்டாம். ஆகவே உளியை எடுத்தார். எந்த ஆண்டு, எந்தக் கை என்று கீறல் சொல்லாது. ஆனால் உரிமை மாறியது, மாறியதில் ஓர் அச்சம் இருந்தது என்ற இரண்டையும் எந்தத் தாளைவிடவும் நேர்மையாகச் சொல்லும். அருங்காட்சியகத்துக்கு அது 1973-ல் வந்தது. கைத்திறனை மட்டும் பார்ப்பவருக்கு அந்த நகம் ஒரு சேதம். வரலாறு பார்ப்பவருக்கு மேசையில் அதுதான் மிக முக்கியமான இடம்.

பொருளின்மேல் பொறித்த குறியை அப்படியே நம்பிவிடலாமா என்றால், அதுவும் முடியாது. ஷுவாந்தேக்கு முந்தைய யுங்லோ பேரரசர் காலத்து அரக்குப் பொருள்களில் ஆட்சிக் குறியை ஊசிமுனையால் கீறுவது வழக்கம். அந்தக் கீறலை மறைத்து அதன்மேலேயே ஷுவாந்தே குறியை வெட்டிப் பொன் நிரப்பிய பொருள்கள் இருக்கின்றன. அரண்மனைப் பட்டறையே பாட்டன் காலத்துச் சரக்கைப் பேரன் காலத்துச் சரக்காக்கியிருக்கிறது! இதில் நம் கரைக்கும் ஒரு பங்கு வந்துசேர்ந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சீனாவில் செய்து ஐரோப்பாவுக்குப் போன பெரிய அரக்குத் தட்டிகளுக்கு அங்கே 'கோரமண்டல் தட்டி' என்று பெயர். சோழமண்டலக் கரையில் அவற்றைச் செய்தவர் ஒருவருமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இக்கரைத் துறைமுகங்கள் வழியாக ஏற்றிப்போனதால், இறக்கியவர் கண்ணுக்கு ஏற்றிய இடமே பிறந்த இடமாகிவிட்டது. வணிகம் எழுதுகிற பூர்விகம் இவ்வளவு சுலபமாகத் தடம் மாறும்.

பெயரோடு நம் தொடர்பு முடிந்துவிடவில்லை என்பதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1860 அக்டோபரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீஜிங் கோடைகால அரண்மனையைச் சூறையாடினார்கள்; பிறகு எல்ஜின் பிரபுவின் உத்தரவில் ஆங்கிலேயர் அதற்குத் தீ வைத்தார்கள். ஆங்கிலப் படையோடு சீனாவுக்குப் போனவர்களில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் உண்டு. 'பீக்கிங் 1860' அந்தப் படைப்பிரிவின் போர்ச் சிறப்புகளில் ஒன்று. கொள்ளைப் பொருள்களை ஆங்கிலேயர் முகாமிலேயே ஏலம்விட்டுப் பணத்தைப் படையில் பங்கு பிரித்தார்கள். நாம் எப்போதும் பறிகொடுத்தவர்கள் வரிசையில் மட்டும் நின்றதில்லை. அதன்பிறகு ஐரோப்பிய ஏலக்கூடங்களில் 'கோடைகால அரண்மனையிலிருந்து' என்ற வாசகமே விலையை ஏற்றும் விளம்பரமானது. நூற்றைம்பது ஆண்டு கழித்து அதே வாசகம் திரும்பிவந்து கடித்தது. 2009-ல் பாரிஸில், அந்த அரண்மனை நீரூற்றைச் சேர்ந்த எலித் தலை, முயல் தலை வெண்கலங்கள் இரண்டையும் 3 கோடி யூரோவுக்கு மேல் ஏலம் கேட்டு எடுத்த சீனர் ஒருவர், பணம் தர முடியாது என்று மறுத்துவிட்டார். திருட்டுப் பொருளுக்குக் காசு கிடையாது என்பது அவர் கட்சி. 2013-ல் அந்தத் தலைகள் நன்கொடையாகச் சீனாவுக்கே போய்ச்சேர்ந்தன. பொருள் அதேதான், பூர்விகமும் அதேதான். ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது, இன்னொரு காலத்தில் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது.

இங்கே சோழர் ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்துவிட்டு அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிற்பத்தைக் கொண்டுவந்தான். தாராசுரத்தில் இருந்த அந்தச் சிற்பம் இப்போது தஞ்சாவூர் கலைக்கூடத்தில் நிற்கிறது. இன்ன ஊரை எரித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் இவர் என்று அதன் பீடத்திலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். வெற்றித் திமிர் என்று சொல்லலாம், திமிர்தான். ஆனால் ஒளிவுமறைவு இல்லை. அந்தச் சிற்பத்தின் பூர்விகத்தில் ஐயம் எழுப்ப ஒருவராலும் முடியாது, கொள்ளையடித்தவனே சான்று கொடுத்திருக்கிறான். மிங் மேசையின் நகத்தைச் சுரண்டியவன் மறைக்க நினைத்தான், ஆனாலும் அந்தக் காயமே பேசிவிட்டது. இந்த இரண்டு வகையும் வரலாற்றுக்கு உதவுபவை. மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது இந்தக் காலத்தது, தாளில் செய்வது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலின் நடராஜர் 2006-ல் களவு போனார். வழிபாடு நின்று பூட்டிக்கிடந்த கோயில் அது. உள்ளே சிலைகள் இல்லை என்று ஊருக்கும் அரசுக்கும் தெரியவந்தது 2008-ல். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசிய கலைக்கூடம் சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வணிகரிடமிருந்து 50 லட்சம் டாலருக்கு அந்த நடராஜரை வாங்கியது. சிலையோடு ஒரு வரலாறும் வந்தது. டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டு அதிகாரி ஒருவர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாங்கியதாம், அவர் மனைவி விற்கிறாராம், கடிதம் இருக்கிறதாம். ஆண்டு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். பண்பாட்டுப் பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது. இந்தியாவின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1972-ல் வந்து 1976-ல் நடைமுறை ஆனது. இந்த வேலிகள் எழும்புவதற்குச் சற்று முன்னால் சிலை இந்தியக் கடையொன்றில் நியாயமாக விலைபோனது என்று எழுதினால் எல்லாக் கதவும் திறக்கும். கதையில் ஓட்டையே இல்லை. ஓட்டையே இல்லாததுதான் அதன் ஓட்டை. ஒரு சோழர் வெண்கலம் கோயிலை விட்டு எப்படி வெளியே வந்தது, டெல்லிக் கடைக்காரர் யாரிடம் வாங்கினார் என்ற முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் மொத்தமும் சரிந்திருக்கும். வாங்கியவர்கள் கடைசிக் கிரயப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத் தாய்ப்பத்திரம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் கதையை உடைத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களிலிருந்து தமிழகக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அதில் ஸ்ரீபுரந்தான் நடராஜர் 1994-ல் தன் கோயிலிலேயே நிற்கும் படம் இருந்தது. டெல்லியில் 1970 வாக்கில் விற்ற சிலை 1994-ல் அரியலூரில் எப்படி நிற்கும்? வார்ப்பில் விழுந்த சின்னக் குறைகள்கூடப் படத்திலும் சிலையிலும் ஒத்துப்போயின. சிட்னி கலைக்கூடத்தில் இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் கதையும் இப்படித்தான் வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து இரண்டு சிலைகளையும் ஒப்படைத்தார். 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூருக்கு 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. நமக்கு வசதியில்லாத ஒரு விவரம் இதில் இருக்கிறது. சாட்சிப் படம் வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றின் பெட்டியிலிருந்து வந்தது. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வேண்டும் என்று எழுதிவைத்திருந்தும் நிலைமை இதுதான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவரைத் தண்டிப்பது எப்படி நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி லண்டனிலேயே ஒரு வழக்காக நடந்து முடிந்தது. பத்தூர் விசுவநாதசுவாமி கோயில் இடிபாட்டில் 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர், பல கை மாறி 1982-ல் கனடா நிறுவனம் ஒன்றிடம் 2.5 லட்சம் பவுனுக்கு விலைபோனார். அவர்களிடம் கொடுத்த பூர்விகச் சான்றும் பொய். லண்டனில் காவல்துறை சிலையைக் கைப்பற்றியது. வழக்கில் இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமல்லாமல் கோயிலும் அங்கிருந்த சிவலிங்கமும்கூட உரிமை கோரின. வேளஞ்சேரி ஏடுகளைப் படித்த அதே நாகசாமிதான் அங்கே நிபுணர் சாட்சி. பத்தூரில் கிடைத்த மற்ற வெண்கலங்களோடு இதன் வார்ப்பும் அமைப்பும் ஒத்துப்போவதையும், சிலையில் ஒட்டியிருந்த மண் எந்த மண் என்பதையும் வைத்து வழக்கு நின்றது. 1988-ல் தீர்ப்பு நமக்குச் சாதகம். 1991-ல் மேல்முறையீடும் தள்ளுபடியாகி நடராஜர் ஊர் திரும்பினார். கோயில் பாழடைந்துவிட்டதே, உரிமையாளர் என்று யார் மிச்சம் என்ற வாதத்துக்கு நீதிமன்றம் சொன்ன பதில், 12-ஆம் நூற்றாண்டில் நிலம் கொடுத்துக் கோயில் எழுப்பியவரின் தர்ம நோக்கம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பது. வாங்கியவரின் நல்லெண்ணம் அவருக்கு விற்றவர்மேல் வழக்குப் போட உதவும். திருட்டுச் சொத்தை நல்ல சொத்தாக்க உதவாது. நம் பதிவு அலுவலக வாசலில் நிற்கும் பத்திர எழுத்தருக்கும் இந்த நியாயம் தெரியும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பழைய ஏடுதான் உரிமையைத் தீர்மானிக்கும் என்றால் எதில் போய் நிற்பது? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பட்டயத்தைக் காட்டி இன்றைய உலகத்தைப் பங்கு போட முடியுமா? இதற்குத் திருத்தணியே நல்ல உதாரணம். ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1-ல் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் மேடையில் கல்வெட்டையும் இலக்கியத்தையும் நிறையவே பேசியது. கடைசியில் நடுவர் பட்டாஸ்கர் எல்லையை வகுத்தபோது எடுத்துக்கொண்ட அளவுகோல் வேறு. கிராமத்தை அலகாக வைத்து, மக்கள்தொகைக் கணக்கில் பெரும்பான்மையோர் என்ன மொழி பேசுகிறார்கள், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார். அந்தக் கணக்கில்தான் 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. அபராஜிதனும் பராந்தகனும் சாட்சிக்கூண்டில் ஏறவில்லை. அதுதான் சரி என்பேன். வாழ்கிற மனிதர்கள் எந்த ஆட்சியின்கீழ் இருப்பது என்பதைச் செத்துப்போன ராஜாக்கள் தீர்மானிக்கக் கூடாது.

ஆனால் ஊர் வேறு, பொருள் வேறு. ஊரில் மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாய் திறந்து தாங்கள் யார் என்று சொல்வார்கள். மேசையும் சிலையும் ஏடும் வாய்பேசாதவை. அவற்றுக்காகப் பேச அவற்றின் கை மாறிய வரலாறு மட்டும்தான் உண்டு. திருத்தணியை அடுத்த திருவாலங்காட்டில் 1905-ல் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன, மொத்தம் 31 ஏடுகள். பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த பட்டயம் அது. ஆதித்தன் அபராஜிதனை வென்றதைப் பதிந்திருப்பதும் இதே ஏடுதான். அன்றைக்கு அது மதராஸ் மாகாணம் என்பதால் ஏடுகள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1953-லிருந்து 1960 வரை ஊர் ஆந்திரத்தில், அந்த ஊரின் சொத்துப் பட்டயம் சென்னையில். ஒருவரும் பொய்க் கடிதம் எழுதவில்லை, ஒருவரும் சண்டைக்கும் போகவில்லை. ஏடு எங்கே கிடைத்தது, எப்போது எங்கே வந்தது என்ற பதிவு ஒழுங்காக இருந்ததால் மாநிலக் கோடு மேலே நகர்ந்தபோதும் கீழே நகர்ந்தபோதும் ஏட்டின் அடையாளம் குலையவில்லை. உரிமை யாருக்கு என்று பூர்விகம் எப்போதும் தீர்ப்புச் சொல்லிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொய்யான உரிமையை அது தடுத்துவிடும், பெரும்பாலான வழக்குகளில் அதுவே போதும்.

லெய்டன் செப்பேடுகளின் கதையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை முதலாம் ராஜராஜன் கொடுத்த பட்டயம் 21 ஏடுகளில் இருக்கிறது. விகாரத்தை எழுப்பியவர்கள் கடல் கடந்த கடாரத்து அரச குடும்பத்தார். எல்லையைப் பிடியானை நடந்து வளைத்தது வரை அதில் எழுதிவைத்தார்கள், அவ்வளவு கறாரான பத்திரம். 18-ஆம் நூற்றாண்டில் ஃப்ளோரென்டியுஸ் கேம்பர் என்ற டச்சுப் பாதிரியார் வழியாக ஏடுகள் நெதர்லாந்துக்குப் போயின. 1862-ல் அவர் வழித்தோன்றல்களிடமிருந்து லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. நில எல்லையை அங்குலம் அங்குலமாகச் சொன்ன ஏட்டுக்கு, அது ஊரை விட்டு வெளியேறிய நாளைச் சொல்ல ஒரு வரி இல்லை. வெளியேறிய ஊரின் பெயரை இழந்து போய்ச்சேர்ந்த ஊரின் பெயரில் உலகம் அதை அறிந்ததும் அதனால்தான்.

பதிவேடும் படமும் பொதுவில் இருந்தால் திருடனுக்கே பட்டியல் கொடுத்ததாகிவிடாதா என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. கோயில் ஊழியர்களும் இதைச் சொல்வார்கள், அவர்கள் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஸ்ரீபுரந்தானில் பட்டியல் வெளியில் இல்லை, சிலைகள் போய்விட்டன. திருடனுக்கு உள்ளூர்த் தகவல் எப்படியும் கிடைக்கும். பதிவு இல்லாததால் லாபம் அடைகிறவர் கடல் கடந்து வாங்குகிறவர். படம் வெளியே இருக்கும் சிலையை 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்க எந்தக் கலைக்கூடமும் துணியாது. படம், உயரம், பீடத்தின் எழுத்து, உடைந்த விரல் இவற்றை வெளியிட்டால் போதும். எந்த அறையில் எந்தப் பூட்டுக்குள் என்பதை வெளியிட வேண்டியதில்லை. 1983 முதல் தமிழகக் காவல்துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இருக்கிறது. போன பிறகு தேடுவது அதன் வேலை. தேட முதலில் ஒரு படம் வேண்டும். தணிகை மலைக் கோயிலுக்கு ஆடிக் கிருத்திகைக்கும் படித் திருவிழாவுக்கும் வரும் கூட்டமே பாதி காவல். ஆபத்து அடிவாரத்தைச் சுற்றியுள்ள ஒருகாலப் பூஜைக் கோயில்களுக்குத்தான். அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் கல்லால் எழுப்பிய வீரட்டானேசுவரர் கோயில் திருத்தணியிலேயே இருக்கிறது. மன்னனே பாடியதாக ஒரு வெண்பா அதன் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. மலைக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அங்கே எட்டிப்பார்க்கிறார்கள்?

மண்ணுக்குள் இன்னும் கிடப்பவற்றின் சங்கதி இதைவிட மோசம். புதையலுக்கு இன்றும் நாம் வைத்திருப்பது 1878-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டம். மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்குமேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் வராவிட்டால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தானே வைத்துக்கொள்ள நினைத்தால் 16-ஆவது பிரிவுப்படி தர வேண்டியது அந்தப் பொருளில் உள்ள மூலப்பொருளின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும். அதாவது வெண்கலச் சிலைக்கு வெண்கல விலை, செப்பேட்டுக்குச் செம்பு விலை. எடைக்கு எடை போட்டு இருபது சதவீதம் கூட்டிக்கொடுக்கிற இந்தக் கணக்கை, கடத்தல்காரரின் ஆள் நீட்டுகிற நோட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிணறு வெட்டும்போது சிலை கிடைத்த கூலிக்காரரிடம் நாட்டுப்பற்றை எதிர்பார்க்கிற சட்டம் இது. தாலுகா ஆபீசுக்கு நடக்கிற நடையையும் சேர்த்துக்கொண்டால் நட்டம்தான் மிஞ்சும். அவர் வாயைத் திறக்காமல் விற்றுவிட்டால் பொருள் மட்டும் போகாது. எந்த ஊர், எந்த வயல், எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்தது என்ற முதல் வரியும் போய்விடும். அந்த வெற்று வரியில்தான் பிறகு ஒரு சூடான் அதிகாரி வந்து உட்காருகிறார்.

சட்டத்தை எழுதிய நாட்டவர் தங்கள் ஊரில் இந்தக் கணக்கை எப்போதோ மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, அருங்காட்சியகம் ஒன்று பொருளை எடுத்துக்கொண்டால் நிபுணர் குழு சந்தை விலையை மதிப்பிடுகிறது. அந்தத் தொகை கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் போகிறது. புதையல் என்ற வரம்புக்குள் வராத சின்னப் பொருள்களையும் கண்டெடுத்தவர்கள் தாங்களே வந்து பதிவு செய்ய 1997 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. எங்கே கிடைத்தது என்ற விவரம் அதிலேயே ஏறிவிடுகிறது. நம் 16-ஆவது பிரிவில் மாற்ற வேண்டியது ஒரே சொற்றொடர்தான்: மூலப்பொருளின் மதிப்பு என்பதை எடுத்துவிட்டுத் தொல்பொருளின் மதிப்பு என்று போட வேண்டும். அதோடு, ஒப்படைக்கிற அன்றே கண்டெடுத்தவர் முன்னிலையில் படமெடுத்து, கிடைத்த சர்வே எண்ணை எழுதி, அதன் நகல் ஒன்றை அவர் கையிலேயே கொடுத்தனுப்ப ஒரு விதி வேண்டும்.